உங்கள் தாமான் சந்திப்புக்கு ‘பெர்ஹெந்தி’ பலகை தேவையா? எப்படி முடிவு செய்வது?

தாமானில் ஒரு மோதல் நடந்துவிட்டால் போதும். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் முதல் குரல் எழும்: “அந்தச் சிம்பாங்குல ஒரு ஸ்டாப் போர்டு வைக்கச் சொல்லுங்கலா!”

கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் வழி அது. மாலையில் பெரியவர்கள் நடக்கும் வழி அது. ஒரு பலகை வைக்க ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று குடியிருப்பாளர்களுக்குக் கோபம் வருகிறது.

ஆனால், ஊராட்சி மன்றத்தின் பொறியியல் துறை பல நேரங்களில் உடனே தலையாட்டுவதில்லை. “ஆய்வு செய்கிறோம்” என்கிறது. சில நேரங்களில் “தேவையில்லை” என்றும் பதில் வருகிறது.

அவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? உங்கள் சந்திப்புக்கு உண்மையிலேயே பலகை தேவையா, வேறு ஏதாவது தேவையா என்பதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு பலகைகள், இரண்டு கட்டளைகள்

சிவப்பு நிறம், எட்டு மூலை, நடுவில் வெள்ளை எழுத்தில் ‘பெர்ஹெந்தி’. எல்லாருக்கும் தெரிந்த பலகை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1915-ஆம் ஆண்டு முதன்முதலாக வைக்கப்பட்ட நிறுத்தப் பலகையின் வழித்தோன்றல் இது. எட்டு மூலை வடிவம் 1923-இலும், சிவப்பு நிறம் 1954-இலும் அங்கே உறுதியாயின. பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தாலும், எழுத்து அழிந்திருந்தாலும், வடிவத்தை வைத்தே அது என்ன என்று தெரிந்துகொள்ள முடியும்.

அதன் கட்டளை ஒன்றுதான்: சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். நின்று, பார்த்து, பிறகுதான் போக வேண்டும்.

இன்னொன்று, தலைகீழ் முக்கோணம். ‘பெரி லாலுவான்’, அதாவது வழிவிடு. இதில் கட்டாயம் நிற்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, முதன்மைச் சாலையில் யாராவது வந்தால் மட்டும் நின்று வழிவிட்டால் போதும்.

பலர் கேட்பது முதல் பலகையை. பல சந்திப்புகளுக்குப் பொருத்தமானது இரண்டாவது. இரண்டுக்கும் இடையே எதைத் தேர்வு செய்வது என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது. அது பார்வை.

முதல் கேள்வி: எத்தனை வீடு தெரிகிறது?

கிளைச் சாலையிலிருந்து வரும் ஓட்டுநர், முதன்மைச் சாலையில் வரும் வாகனத்தை எப்போது பார்க்கிறார்? இதுதான் பொறியாளர் முதலில் கேட்கும் கேள்வி.

இதை அளக்க உங்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம். தொடர் வீடுகளே அளவுகோல். நம் நாட்டில் சாதாரணத் தொடர் வீட்டின் முகப்பு 20 அடி, அதாவது ஏறக்குறைய 6 மீட்டர். உங்கள் வீடு 22 அடியாக இருந்தால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் ஓடும். அதாவது நொடிக்கு இரண்டு வீட்டுக்கும் மேல்.

ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக 2.5 நொடி என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதோடு, நனைந்த சாலையிலும் கட்டுப்பாட்டோடு பிரேக் பிடிக்கத் தேவையான தூரத்தையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் கிடைப்பது இது:

- 30 கிலோமீட்டர் வேகம்: நிற்க ஏறக்குறைய 31 மீட்டர் – 5 வீடு
- 50 கிலோமீட்டர் வேகம்: ஏறக்குறைய 63 மீட்டர் – 10 வீட்டுக்கும் மேல்
- 60 கிலோமீட்டர் வேகம்: ஏறக்குறைய 83 மீட்டர் – கிட்டத்தட்ட 14 வீடு

இது முதன்மைச் சாலையில் வருபவருக்கான கணக்கு. கிளைச் சாலையில் நிற்பவருக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அவர் வலப்பக்கம் திரும்பி முதன்மைச் சாலையில் சேர ஏறக்குறைய 7.5 நொடி இடைவெளி வேண்டும். அந்த நேரத்தில் 50 கிலோமீட்டரில் வரும் கார் 104 மீட்டர் ஓடிவிடும். அது 17 வீட்டுத் தூரம்.

இப்போது சந்திப்புக்குப் போங்கள். கிளைச் சாலை முடியும் இடத்தில், சாலை ஓரத்துக்கு மூன்று மீட்டர் பின்னால், நடைபாதையிலோ புல்வெளியிலோ பாதுகாப்பாக நில்லுங்கள். சாலை நடுவில் நிற்க வேண்டாம்.

நின்றபடி பார்த்தால் போதாது. குனிய வேண்டும். கார் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் நிற்கும்போது வேலிக்கு மேலே எல்லாம் தெரியும். காரில் உட்கார்ந்திருப்பவருக்கு இலைதான் தெரியும்.

வலப்பக்கம் எத்தனை வீட்டு கேட் தெரிகிறது? இடப்பக்கம் எத்தனை? எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சந்திப்பிலிருந்து நான்கைந்து வீடு பின்னால் போய் மறுபடியும் பாருங்கள்.

மூன்றில் ஒரு விடை கிடைக்கும்.

ஒன்று: பின்னால் நின்றபோதே இரு பக்கமும் நன்றாகத் தெரிகிறது. அப்படியென்றால் ஓட்டுநருக்கு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ‘பெரி லாலுவான்’ போதும். போக்குவரத்து மிகக் குறைவாக இருந்தால் அதுவும் தேவைப்படாமல் போகலாம்.

இரண்டு: பின்னாலிருந்து தெரியவில்லை, கோட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. இதுதான் ‘பெர்ஹெந்தி’ பலகைக்கு உரிய இடம். நிற்காமல் யாரும் பாதுகாப்பாக முடிவெடுக்க முடியாத சந்திப்பு இது.

மூன்று: கோட்டுக்கு வந்து நின்றாலும் தெரியவில்லை. மூலை வீட்டு மதில், வாழை மரம், வரிசையாக நிறுத்திய கார்கள் எல்லாம் மறைக்கின்றன. இங்கே பலகை மட்டும் வைத்துப் பயனில்லை. நின்ற ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாததால் காரின் மூக்கை மெல்ல மெல்ல முன்னே நீட்டுவார். அடி படுவது அந்த நேரத்தில்தான். முதலில் மறைப்பதை அகற்ற வேண்டும். பலகை அதற்குப் பிறகு.

மோட்டார்சைக்கிளை இங்கே தனியாக நினைக்க வேண்டும். கார் கண்ணாடியின் ஓரத் தூணுக்குப் பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் முழுதாக மறைந்துவிடும். “பார்த்தேன், யாரும் இல்ல, அதான் எடுத்தேன்” என்று ஓட்டுநர் சொல்வது பல நேரங்களில் பொய் கிடையாது. அவர் உண்மையிலேயே பார்க்கவில்லை.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 6,167 பேர் இறந்தனர். ஆண்டுதோறும் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். தாமான் சந்திப்பைப் பற்றி முடிவெடுக்கும்போது மனத்தில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

இரண்டாவது கேள்வி: எத்தனை வாகனம் வருகிறது?

“கார் நிக்காம போய்க்கிட்டே இருக்கு” என்று சொன்னால் அதிகாரிக்கு எதுவும் புரியாது. எண்ணிக்கை வேண்டும்.

ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம் போதும். பள்ளி நேரம், மதியப் பள்ளி தொடங்கும் நேரம், வேலை முடிந்து திரும்பும் நேரம் என மூன்று வேளையிலும் ஒவ்வொரு மணி நேரம் எண்ணுங்கள். கார், மோட்டார்சைக்கிள், லோரி, நடப்பவர், சைக்கிள் என்று தனித்தனியாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஒரு கட்டம் வைத்துக்கொண்டால் எந்த நேரத்தில் நெரிசல் உச்சம் என்பது தெளிவாகத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமே? அமெரிக்காவின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கையேட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு, நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை வைப்பதற்கு இப்படி ஒரு வரம்பு சொன்னது: முதன்மைச் சாலையில் மணிக்கு 300 வாகனம், கிளைச் சாலையில் வாகனம், நடப்பவர், சைக்கிள் எல்லாம் சேர்த்து மணிக்கு 200. இது நாளில் 8 மணி நேரமாவது இருக்க வேண்டும். அதோடு, நெரிசல் உச்சத்தில் இருக்கும் மணி நேரத்தில் கிளைச் சாலையில் வருபவர் சராசரியாக 30 நொடி காத்திருக்க வேண்டும்.

நிமிடக் கணக்கில் சொன்னால், முதன்மைச் சாலையில் நிமிடத்துக்கு 5 வாகனம், கிளைச் சாலையில் 3-க்கு மேல்.

இது நம் நாட்டுச் சட்டம் அல்ல. இங்கே பலகைகளுக்கு ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணித் துறையின் ‘அராஹான் தெக்னிக் (ஜாலான்)’ வரிசைக் கையேடுகள் உள்ளன. பலகைகளின் வடிவத்துக்கு 2ஏ/85, எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு 2பி/85, சாலைச் சந்திப்பு வடிவமைப்புக்கு 11/87. அமெரிக்க எண்ணை ஓர் ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒப்பீடே ஒன்றைக் காட்டிவிடும். தாமானுக்குள் இருக்கும் பெரும்பாலான சந்திப்புகள் காலை அரை மணி, மாலை ஒரு மணி மட்டும் பரபரப்பாக இருக்கும். மற்ற நேரத்தில் பூனைதான் நடக்கும். அந்த அரை மணி நேரத்துக்காக நாள் முழுவதும் எல்லாரையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

சந்திப்பின் வடிவமும் முக்கியம். நாற்சந்தியில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் 32. ‘டி’ வடிவச் சந்திப்பில் 9 மட்டுமே. ‘டி’ சந்திப்பில் முடியும் சாலையில் வருபவர் எப்படியும் திரும்பியே ஆக வேண்டும் என்பதால் வேகம் தானாகக் குறையும். நாற்சந்தியில் நேராகப் பாய்ந்துவிட முடியும். எனவே, இரண்டு சாலையும் ஒரே அகலம், எது முதன்மை என்றே தெரியாத நாற்சந்தி என்றால் உங்கள் கோரிக்கைக்கு வலு கூடும். அங்கே யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே ஒரு பலகை வேண்டும்.

மூன்றாவது கேள்வி: விபத்துப் பதிவு இருக்கிறதா?

பல தாமான்களின் கோரிக்கை வழுக்கி விழும் இடம் இதுதான்.

“இங்க மாசத்துக்கு ரெண்டு ஆக்சிடண்ட் நடக்குது” என்று குடியிருப்பாளர்கள் சொல்வார்கள். அதிகாரி போலீஸ் பதிவைப் பார்ப்பார். ஆண்டு முழுவதும் ஒன்றுகூட இருக்காது. யார் சொல்வது உண்மை? இருவரும் சொல்வது உண்மைதான்.

தாமானுக்குள் மோதிக்கொண்டால் நம் பழக்கம் என்ன? இறங்கிப் பார்ப்போம். பம்பர் கீறல், விளக்கு உடைப்பு. “அண்ணே, ரிப்போர்ட் எல்லாம் வேணாம், இங்கயே செட்டல் பண்ணிக்கலாம்.” பணம் கை மாறும். இருவரும் போய்விடுவார்கள். சம்மன் வரும் என்ற பயம், காப்புறுதியில் என்சிடி கழிவு போய்விடும் என்ற பயம், போலீஸ் நிலையத்தில் அரை நாள் போய்விடும் என்ற அலுப்பு.

ஆனால், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, காயமோ சேதமோ ஏற்பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். என்சிடி கழிவு பறிபோவது நீங்கள் காப்புறுதியில் இழப்பீடு கோரும்போதுதான். புகார் கொடுத்ததாலேயே அது போய்விடாது.

போலீஸ் பதிவு செய்யும் விபத்துத் தகவல்கள் ‘போல் 27’ என்ற படிவத்தில் சேர்கின்றன. விபத்து எங்கே நடந்தது, எந்தத் திசையிலிருந்து எது வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மீரோஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும் அந்தத் தரவைப் பயன்படுத்துகிறது.

செட்டல் ஆன விபத்து அந்தப் படிவத்தில் ஏறாது. காகிதத்தில் உங்கள் சந்திப்பு பாதுகாப்பானதாகவே இருக்கும், யாராவது உயிரை விடும் வரை.

எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த வகை மோதல் என்பதும் முக்கியம். கிளைச் சாலையிலிருந்து வந்த கார், நேராக வந்த மோட்டார்சைக்கிளின் பக்கவாட்டில் மோதியது என்றால் அது நிறுத்தப் பலகையால் தடுக்கக்கூடிய விபத்து. நிறுத்தியிருந்த காரைப் பின்னால் வந்தவர் இடித்தார் என்றால் பலகை உதவாது. மேலே சொன்ன அமெரிக்கக் கையேடு, 12 மாதத்தில் பலகையால் தடுத்திருக்கக்கூடிய 5 விபத்துகள் பதிவாகியிருந்தால், அதையே நான்கு பக்க நிறுத்தத்துக்குத் தனிக் காரணமாக ஏற்றுக்கொண்டது.

வேகத்தைக் குறைக்கப் பலகை வைக்கலாமா?

பலர் மனத்தில் இருக்கும் உண்மையான காரணம் இதுதான். “எல்லாம் பறக்குறானுங்க. ஒரு ஸ்டாப் போர்டு வச்சா அடங்குவானுங்க.”

போக்குவரத்துப் பொறியியலில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்த நிறுத்தப் பலகை ஏற்ற கருவி அல்ல. காரணங்கள் மூன்று.

முதலாவது, காரணமே இல்லாத இடத்தில் நிறுத்தினால் யாரும் நிற்க மாட்டார்கள். பத்து முறை நின்று பத்து முறையும் சாலை காலியாக இருந்தால், பதினோராவது முறை சக்கரம் நிற்காமல் உருளும். அந்தப் பழக்கம் அந்தச் சந்திப்போடு நிற்காது. உண்மையிலேயே ஆபத்தான அடுத்த சந்திப்பிலும் தொடரும்.

இரண்டாவது, நின்றவர் இழந்த நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார். பலகைக்கு அருகில் வேகம் குறையும், இரண்டு பலகைக்கு நடுவில் கூடும். உங்கள் வீடு அந்த நடுவில் இருந்தால் உங்களுக்கு நன்மையைவிடத் தொல்லையே அதிகம். எஞ்சின் உறுமலும் புகையும் கூடவே வரும்.

மூன்றாவதுதான் மிக மோசமானது. நடப்பவர்கள் பலகையை நம்பிவிடுவார்கள். “போர்டு இருக்கு, கார் நிக்கும்” என்று பிள்ளை சாலையைக் கடக்கும். கார் நிற்காது. பலகை இல்லாத காலத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்த அதே பிள்ளைதான் அது.

வேகம்தான் பிரச்சினை என்றால் அதற்குரிய மருந்தைக் கேளுங்கள். 50 கிலோமீட்டரில் மோதும் வாகனத்தின் இயக்க ஆற்றல், 30 கிலோமீட்டரில் மோதுவதைவிடக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 30-இல் மோதப்பட்டவர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். 50-ஐ நெருங்க நெருங்க அது வேகமாகக் குறைகிறது. எனவே, வேகத்தைக் குறைப்பது சிறிய விஷயம் கிடையாது. அதைச் செய்யும் கருவிதான் வேறு.

பலகைக்கு முன் கேட்க வேண்டியவை

- மறைப்பை அகற்றுதல்: மூலை வீட்டுச் செடியை வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் சந்திப்புகள் உண்டு. மூலை வீட்டுக்காரரிடம் முதலில் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். “ஐயா, உங்க பூச்செடி அழகாத்தான் இருக்கு, ஆனா வர்ற மோட்டார் தெரிய மாட்டேங்குது” என்றால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். செடி சாலை ஒதுக்கு நிலத்தில் இருந்தால் ஊராட்சி மன்றமே வெட்டலாம்.

- மூலையில் கார் நிறுத்தத் தடை: சந்திப்பின் இரு பக்கமும் மஞ்சள் கோடு. செலவு ஒரு வாளிச் சாயம். எதிர்ப்பு மட்டும் அதிகமாக வரும், ஏனென்றால் நிறுத்துபவர்களும் நம் தாமான் ஆட்களே.

- கோடு புதுப்பித்தல்: பல சந்திப்புகளில் நிறுத்தக் கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். வெயிலிலும் மழையிலும் அழிந்து போயிருக்கும். புதிதாகக் கேட்பதைவிட இருந்ததைப் புதுப்பிக்கக் கேட்பது எளிது.

- வளைந்த கண்ணாடி: மதிலை இடிக்க முடியாத இடத்தில் உதவும். ஆனால், அதில் வாகனம் சிறிதாகவும் தூரத்தில் இருப்பதுபோலவும் தெரியும். இரவிலும் மழையிலும் அதை முழுதாக நம்பக்கூடாது.

- பொங்கோல்: வேகத்தைக் குறைக்கும். ஆனால், ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு, அளவுப்படி, சாயம் பூசி, எச்சரிக்கைப் பலகையோடு இருக்க வேண்டும். பணம் போட்டுச் சொந்தமாகச் சிமெண்ட் கொட்டிப் பொங்கோல் கட்டுவது சட்டப்படி குற்றம். இரவில் அது தெரியாமல் மோட்டார்சைக்கிளோட்டி விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில் வரலாம். சொந்தமாகப் பலகை செய்து நட்டு வைப்பதும் கூடாது.

- சிறு வட்டப்பாதை: இடம் இருந்தால் நாற்சந்திக்கு நல்ல தீர்வு. பாதைகள் தொடும் 32 இடங்கள் 8 ஆகக் குறையும். யாரும் நேராகப் பாய முடியாது. செலவு அதிகம், தீயணைப்பு வண்டியும் குப்பை லோரியும் திரும்ப இடம் வேண்டும்.

சாலை யாருடையது?

கடிதம் எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான இடத்துக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் சுற்றும்.

தாமானுக்குள் இருக்கும் ஜாலான்கள் பொதுவாக உங்கள் பகுதி ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அது மாநகர் மன்றமாகவோ, நகராண்மைக் கழகமாகவோ, மாவட்ட மன்றமாகவோ இருக்கலாம். தாமானின் வாசல் ஒரு பெரிய சாலையைத் தொட்டால், அந்தச் சாலையின் எண்ணைப் பாருங்கள். வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை. முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு ‘பி’, பேராக்கிற்கு ‘ஏ’, ஜொகூருக்கு ‘ஜே’. அந்த வகைச் சாலைகளைப் பொதுவாக ஜேகேஆர் கவனிக்கும்.

புதிய தாமானாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. சாலையை மேம்பாட்டாளர் இன்னும் ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்காமல் இருக்கலாம். அதுவரை பராமரிப்பு மேம்பாட்டாளரின் கையில். “ஒப்படைத்தாகிவிட்டதா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

நூறு கையெழுத்து வாங்குவது நல்லதுதான். ஆனால், நூறு கையெழுத்தைவிட ஒரு பக்கத் தரவு வேகமாக வேலை செய்யும். இவற்றைச் சேருங்கள்:

1. இரண்டு ஜாலான்களின் பெயர், அருகில் உள்ள வீட்டு எண், சந்திப்பின் வரைபடம்.
2. ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து இரு பக்கமும் எடுத்த படங்கள். எத்தனை வீடு தெரிகிறது என்ற குறிப்பு.
3. மூன்று வேளை வாகன எண்ணிக்கை, நாள், நேரம்.
4. நடந்த விபத்துகளின் போலீஸ் புகார் எண்கள். எந்தத் திசையில் வந்த எது, எதன் மீது மோதியது என்ற ஒரு வரி.
5. சந்திப்பைப் பயன்படுத்தும் பள்ளி, பாலர் பள்ளி, கோயில், சூராவ், பசார் மாலாம் போன்ற இடங்கள்.

கடைசியில் “பலகை வையுங்கள்” என்று மட்டும் முடிக்காதீர்கள். “பக்கவாட்டு மோதலைத் தடுக்க ஆய்வு செய்து தக்க நடவடிக்கை எடுங்கள், எங்கள் கருத்தில் நிறுத்தப் பலகை பொருந்தும்” என்று எழுதுங்கள். பலகையை மறுத்தாலும் வேறொன்றைத் தருவதற்கு அவர்களுக்கு வழி இருக்கும். வெறும் பலகையைக் கேட்டால், ‘இல்லை’ என்ற ஒரே சொல்லோடு கோப்பு மூடப்படலாம்.

ஊராட்சி மன்றத்தின் புகார் அகப்பக்கத்தில் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் ஒன்று உங்கள் பகுதி மன்ற உறுப்பினருக்கு, இன்னொன்று சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு. குடியிருப்பாளர் சங்கமோ ருக்குன் தெத்தாங்காவோ இருந்தால் அதன் பெயரில் அனுப்பினால் எடை கூடும்.

ஆம் என்று வந்துவிட்டால்?

பலகை வைத்த முதல் சில வாரங்கள் கவனம் தேவை. பல ஆண்டுகளாக நிற்காமல் போனவர்களுக்குப் பலகை கண்ணில் படாது. வழக்கமாகப் போகும் வழியில் மூளை புதிதாக எதையும் தேடாது. தாமான் குழுவில் படத்தோடு அறிவிப்புப் போடுங்கள். பிள்ளைகளிடம் “போர்டைப் பார்க்காதே, சக்கரத்தைப் பாரு, சக்கரம் நின்னாத்தான் தாண்டணும்” என்று சொல்லிக்கொடுங்கள்.

பலகையை மரக்கிளை மறைக்கிறதா, அதன் மேல் டியூஷன் விளம்பரமும் கடன் விளம்பரமும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மறைந்த பலகை இருந்தும் இல்லாததுபோல்தான்.

மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியைப் போட்டு, அதே நேரத்தில் ஒரு மணி நேரம் எண்ணுங்கள். இந்த முறை எத்தனை கார் வந்தது என்பதோடு, எத்தனை சக்கரம் முழுமையாக நின்றது என்பதையும் குறியுங்கள். பாதிப் பேர்கூட நிற்கவில்லை என்றால் அந்த எண்ணோடு மறுபடியும் ஊராட்சி மன்றத்துக்கு எழுதலாம். அமலாக்கம், சாலை வடிவ மாற்றம் போன்ற அடுத்த கட்டத்தைக் கேட்க உங்களிடம் அப்போது ஆதாரம் இருக்கும்.

அதுவரை, பலகை வந்தாலும் வராவிட்டாலும், இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சந்திப்பின் மூலையில் நிற்கும் உங்கள் காரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்துங்கள். எதிரே வரும் மோட்டார்சைக்கிள் இன்னும் இரண்டு வீட்டுத் தூரம் முன்னதாகத் தெரியும்.